நம் அயலார் இருளர்: உதவிப் பொருள்களின் வரலாறு

பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் வீடு தேடி வந்தபோது, கோவில் கட்டிய வரலாற்றை ஒருவரும், கெபி எழும்பிய வரலாற்றை மற்றொருவரும், பாடகர் குழுவின் வரலாற்றை வேறொருவரும் முன்னரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பிறரன்புப் பணி பற்றி எழுத ஆள் இல்லை, சார். உதவிக் குழுவுக்கு இத்தனை காலம் கணக்கு எழுதியவர் நீங்கள்தானே" என்று சொல்லி, அதை என் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். அரிசி இத்தனை கிலோ, வேட்டி சேலை இத்தனை, போர்வை இத்தனை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கொடுத்த பொருளுக்கெல்லாம் கணக்கு உண்டு. ஆனால் 'யாருக்கு' என்ற பத்தியில் பல இடங்களில் 'ஏழைகள்' என்ற ஒரே சொல்தான், அதுவும் என் கையெழுத்தில். அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோன மக்களில் இருளரும் உண்டு. அவர்களுக்கு நாம் கொடுத்த வரலாற்றையும், அவர்கள் தமக்கென அமைப்புகளை உண்டாக்கிக்கொண்ட வரலாற்றையும் சேர்த்து எழுதினால்தான் இந்தக் கணக்கு முழுமை பெறும் என்று தோன்றிற்று.

அண்ணாமலை நகரிலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் சாலையை நம்மில் அறியாதவர் இல்லை. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் தில்லைக் கோவிலையும் பல்கலைக்கழகத்தையும் காட்டிவிட்டு, அடுத்து அங்குதான் அழைத்துச் செல்கிறோம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த உப்பங்கழியில் மார்பளவு நீரில் வரிசையாக நின்று, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் படகிலிருந்து கண்டிருப்பீர்கள். அவர்களே இருளர். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளப் பனையோலையால் பின்னிய பறி ஒன்று உண்டு. இரண்டு கைகளும் நீருக்குள் வேலையாக இருப்பதால் அந்தப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். வலை இல்லை, தோணி இல்லை. கையும் பல்லுமே தொழிற்கருவிகள்.

தமிழ்நாட்டு அரசின் பட்டியலில் பழங்குடியினர் 37 வகுப்பினர். அவர்களுள் பெருந்தொகையினரில் இருளரும் அடங்குவர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அவர்கள் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று மத்திய அரசு தனியே குறித்துள்ள, இம்மாநிலத்தின் ஆறு வகுப்பினருள்ளும் அவர்கள் உண்டு. 1906ல் வெளிவந்த பழைய தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இவர்களைச் செஞ்சி மலைப் பக்கத்து மக்களாகவே குறித்திருக்கிறார். காடு குறையக் குறையச் சமவெளிக்கும் கடற்கரைக்கும் நகர்ந்தார்கள். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, மரம் வெட்டு, எலி பிடிப்பு, உப்பங்கழி இறால் என்று, எவரும் உரிமை கொண்டாடாத வேலைகளே அவர்கள் பங்குக்கு வந்தன. பலர் முன்பணம் வாங்கியே சூளைக்குப் போனார்கள். அந்தக் கடன் தீராமல் அங்கேயே கட்டுண்டு கிடந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ல் வந்த பிறகும் அவ்வாறு மீட்கப்பட்டவர்களில் இருளர் பலர்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம்.

என் வயதையொத்தவர்களுக்கு உதவிப் பொருள் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பால் பவுடர். அமெரிக்க அரசு 1954ல் பி.எல். 480 என்னும் சட்டத்தை இயற்றிற்று. அங்கு மிகுந்துபோன கோதுமையும் சோளமாவும் பால் பவுடரும் எண்ணெயும் அதன்படி கப்பலேறி வந்தன. 1946 முதலே இந்தியாவில் பணியாற்றி வந்த சி.ஆர்.எஸ். என்னும் கத்தோலிக்க நிவாரணப் பணியகம் அவற்றில் ஒரு பகுதியை மறைமாவட்டங்கள் வழியாகக் கிராமம் வரை கொண்டு சேர்த்தது. கேர் நிறுவனமோ 1961 முதல் நம் மாநிலப் பள்ளிகளின் மதிய உணவுக்கு வழங்கிற்று. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்ட அந்த டின்கள் காலியான பிறகும் வீட்டில் பருப்பு டப்பாவாக, பூந்தொட்டியாக, தண்ணீர் மொள்ளும் குவளையாக உழைத்தன. கோதுமை ரவைக் கஞ்சியின் வாடையை இன்றும் என்னால் சொல்ல முடியும். பசித்த வயிறுகள் அதனால் நிறைந்தன என்பதை மறுப்பது நன்றிகெட்டதனம்.

ஆனால் ஒன்று. அந்தப் பொருள்கள் வரிசையில் நிற்பவனுக்கே கிடைத்தன. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கே மதிய உணவு. பெயர் எழுதிய அட்டை உள்ளவனுக்கே ஞாயிறு பிற்பகல் பங்கீடு. ஓராண்டு இந்த வாய்க்கால் ஓரத்திலும் மறு ஆண்டு வேறொரு சூளையிலும் குடிசை போட்டவர்களுக்கு அட்டை ஏது, பள்ளி ஏது? குருக்களின் மீதோ பொறுப்பாளர்கள் மீதோ குறை சொல்ல இதை எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்கு அவர்கள் குறைவின்றிக் கொடுத்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படிக் காண்பது என்ற கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. எருசலேமில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்று முணுமுணுப்பு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் படிக்கிறோம். திருத்தூதர்கள் கூடுதலாக ஒரு மூட்டை கோதுமை அனுப்பி அதைத் தீர்க்கவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் முதலான அந்த எழுவரின் பெயர்களைப் பாருங்கள், எல்லாம் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழி பேசியவர்கள் கையிலேயே பங்கீடு போய்ச் சேர்ந்தது என்று அறிஞர் கூறுவர். இந்தப் பகுதியை எத்தனையோ முறை நான் பீடத்தில் நின்று வாசித்திருக்கிறேன். என் கணக்கு நோட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்பது வெகு காலம் எனக்கு உறைக்கவில்லை.

1990களில் பிச்சாவரத்தில் வேறு வகையான உதவி ஒன்று தொடங்கிற்று. பட்டுப்போய்க் கொண்டிருந்த சுரபுன்னைக் காட்டை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இறங்கின. மீன்முள் போலக் கால்வாய் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழி செய்து, கன்றுகளை நட்டார்கள். காட்டை ஒட்டி வாழும் மக்களைச் சேர்க்காமல் காடு நிற்காது என்று கண்டு, ஊர் ஊராகக் குழுக்கள் அமைத்தார்கள். அவ்வாறு சேர்ந்த ஊர்களில் கிள்ளைக்கு அருகில் இருளர் வாழும் எம்.ஜி.ஆர். நகரும் ஒன்று. கையால் தடவியே பிழைத்தவர்களுக்கு வலையும் தோணியும் வந்தது அப்போதுதான். ஒரு மூட்டை அரிசி பத்து நாளில் தீரும். ஒரு தோணி பல ஆண்டு ஓடும். அதைவிட, தோணி யார் முறை, வலை கிழிந்தால் யார் செலவு என்று பேசித் தீர்க்க அவர்கள் ஒன்றாக உட்கார வேண்டியிருந்தது. அந்த உட்காருதலே ஒரு சங்கத்தின் பிறப்பு.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வந்தபோது கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு என்று கடலுக்கும் கழிக்கும் இடையே திட்டுகளில் இருந்த மீனவர் ஊர்கள் சிதைந்தன. சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. பரங்கிப்பேட்டையில் உள்ள நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் இக்கரையின் 18 ஊர்களை ஆராய்ந்து 2005ல் இதை எழுதினார்கள். தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே முக்கியக் காரணம் என்று வேறு சிலர் அடுத்த ஆண்டு மறுத்து எழுதினார்கள். அறிஞர் வழக்கை அவர்களிடமே விடுவோம்.

நான் சொல்ல வருவது நிவாரணத்தைப் பற்றி. எந்தெந்த ஊர்களிலிருந்தோ லாரிகள் வந்தன. நம் பங்கிலும் மூன்று நாளில் மண்டபம் நிறைந்தது. பழைய துணி, பழைய துணி, மேலும் பழைய துணி! கம்பளிக் கோட்டு ஒன்று, கிழிந்த திரைச்சீலை ஒன்று, ஒற்றைக் காலணிகள் ஒரு சாக்கு. அவற்றைத் தரம் பிரிக்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். கடற்கரைச் சாலை நெடுகிலும் பழந்துணி மழையில் நனைந்து கிடந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மானமுள்ள மீனவர் அவற்றைத் தொடவில்லை. தொடாதது சரியே.

இருளர் நிலையோ வேறு. அன்று நிவாரணம் பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்துகள் வழியாகவே போயிற்று. படகு போனவனுக்குப் படகு, வலை போனவனுக்கு வலை என்பது ஏற்பாடு. படகே இல்லாதவன் எதை இழந்தான் என்று எழுதுவது? கையால் பிடிப்பவனுக்குக் கை இருக்கிறதே! ஆனால் கழிமுகம் முழுவதும் கலங்கிப் பல வாரம் தொழில் இல்லை. இறால் வாங்குவோரும் இல்லை. இழப்புப் பட்டியலில் ஏறாத இழப்பு அது. பழங்குடியினரும் தலித் மக்களும் பல கரையோர ஊர்களில் நிவாரணத்தில் விடுபட்டதை அக்காலத்தில் மனித உரிமை அமைப்புகள் எடுத்துச் சொல்லின. பட்டியலில் ஏறுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்டுப் பெற ஓர் அமைப்பு வேண்டும்.

அத்தகைய அமைப்புகள் நம் பக்கத்து மாவட்டங்களில் முன்னரே முளைத்திருந்தன. முதலில் பாம்புக் கதை. இருளர் பலருக்குப் பாம்பு பிடித்துத் தோலை விற்பதே தொழிலாக இருந்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. சட்டம் நல்லதுதான், ஆனால் அடுப்பு அணைந்தது. அவர்களுக்கு யாரேனும் மாதம் ஒரு மூட்டை அரிசி கொடுத்திருக்கலாம். ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரும் அவருடைய இருள நண்பர்களும் வேறு வழி கண்டார்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விடுவார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். நம்மில் ஒருவரைப் பாம்பு தீண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தால், அந்த உயிருக்கு ஓர் இருளரின் கையும் காரணமாக இருக்கலாம். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பெண்கள் பின்தங்கவில்லை. 1986ல் செங்கற்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் அமைந்தது. அவர்கள் அறிந்த மூலிகை அறிவே அதன் முதல். அதே ஆண்டில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் அக்கார்டு என்னும் நிறுவனத்தின் பணி தொடங்கிற்று. அதன் துணையுடன் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் எல்லாம் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக எழுந்தனர். 1990ல் அஸ்வினி என்னும் மருத்துவமனையும் கண்டனர். நோயாளியும் ஆதிவாசி, ஊசி போடும் நர்சும் ஆதிவாசி. அது ஒரு தனி வரலாறு. இங்கே விரித்தால் மலர் முழுவதும் எனக்கே போய்விடும்.

நமக்கு மிக அண்மையில் உள்ளது திண்டிவனத்தில் உதித்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். 1993ல் அத்தியூரில் ஓர் இளம் இருளப் பெண்ணுக்குக் காவலர்களால் நேர்ந்த கொடுமையை எதிர்த்து எழுந்த போராட்டத்திலிருந்து, பேராசிரியர் பிரபா கல்விமணி முதலானோர் முயற்சியால் 1996ல் அது உருவாயிற்று. செய்யாத திருட்டுக்குப் பிடித்துப் போவது, சூளையில் அடைத்து வைப்பது, பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகள் படிப்பு நிற்பது ஆகியவையே அச்சங்கம் அன்றாடம் எடுத்துக்கொண்ட வழக்குகள். அந்தச் சான்றிதழைக் கொடுப்பவர் கோட்டாட்சியர், நம் சிதம்பரத்தில் சார் ஆட்சியர். விண்ணப்பம் போட்டுவிட்டு நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று திரும்புபவனுக்கு ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பஸ் கட்டணமும் பிரதி எடுக்கும் செலவும் கையெழுத்துப் போட ஒரு துணையும் அவனுக்கு அரிசிக்கு நிகரான அத்தியாவசியப் பொருள்கள். நம் நோட்டில் அவற்றுக்குப் பத்தி இல்லை.

'ஜெய் பீம்' திரைப்படத்தை 2021ல் பலரும் பார்த்தீர்கள். அதன் மூலக்கதை நம் மாவட்டத்து முதனை கிராமத்தில் 1993ல் நடந்தது. கம்மாபுரம் காவல் நிலையத்தில் உயிரிழந்தவர் உண்மையில் குறவர் வகுப்பினர், படத்தில் இருளராகக் காட்டினார்கள். அப்படம் வெளிவந்தபோது நடிகர் சூர்யா இருளர் பிள்ளைகளின் கல்விக்கென அமைந்த அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தார். தொகை பெரியது என்பதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு கொடுக்காமல், அம்மக்களுக்கென உள்ள அமைப்பின் கையில் கொடுத்தார். எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

பழங்குடியினர் என்றால் வாங்குபவர்கள் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 1847ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் மக்கள் மடிந்தபோது, அமெரிக்காவின் சோக்டா என்னும் ஆதிக்குடி மக்கள் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து விரட்டத் தொடங்கி அப்போது 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. வழியில் பட்டினியாலும் குளிராலும் ஆயிரக்கணக்கில் மாண்ட மக்கள் அவர்கள். பசி இன்னதென்று தெரிந்தவர்கள், கடலுக்கு அப்பால் இருந்த முகமறியாத மக்களுக்குக் கொடுத்தார்கள். அயர்லாந்து மறக்கவில்லை. கார்க் மாவட்டம் மிடில்டன் ஊரில் கழுகு இறகுகளால் ஆன ஒரு கிண்ணம் போன்ற நினைவுச் சின்னத்தை 2017ல் திறந்தார்கள். 2020ல் கொரோனா நோய் நவாஹோ, ஹோப்பி என்னும் ஆதிக்குடிகளைத் தாக்கியபோது அயர்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கில் நன்கொடை அனுப்பினார்கள். சோக்டா மக்களுக்கு அல்ல, வேறு குடிகளுக்கு! கடனை வாங்கியவரிடமே திருப்ப வேண்டும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பணத்தை உணவாகவும் தண்ணீராகவும் வீடுகளுக்குச் சேர்த்தது அக்குடியினரே நடத்திய நிவாரண நிதிக் குழு. நம் நாட்டிலும் மிசோரம் பழங்குடிக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைக் கொண்டே தங்கள் திருச்சபைப் பணிகளைத் தாங்கி வந்தார்கள். நம் வீடுகளில் தவக்காலத்தில் மட்டும் எடுக்கும் பிடி அரிசியை அவர்கள் ஆண்டு முழுதும் எடுக்கிறார்கள்.

அதே 2020ல் நமக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் அடைப்பு. சில நாள் கழித்து, அனுமதி பெற்று, நம் பங்கு இளைஞர்கள் 5 கிலோ அரிசிப் பைகளோடு கிள்ளைச் சாலையை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்புக்குப் போனார்கள். வயதானவன் வரவேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் நானும் நோட்டுடன் போனேன். முந்தின நாள் ஒருவரை அனுப்பிக் குடிசை குடிசையாக எண்ணி, பெயர் எழுதி, ஒழுங்காகத்தான் பட்டியல் தயாரித்திருந்தேன். அங்கிருந்த மகளிர் குழுவின் தலைவியிடம் அதை நீட்டினேன். அந்த அம்மாள் தம் பெண்ணை அழைத்துப் படிக்கச் சொல்லிக் கடைசி வரை கேட்டார்கள்.

"சார், நீங்க எழுதினது இங்க இருக்கிறவங்களை. கரும்பு வெட்டப் போனவங்க அஞ்சு வீடு இருக்குது. வண்டி இல்லாம அங்கியே மாட்டிக்கிட்டாங்க. அவங்க வர்றப்போ சட்டியில என்ன இருக்கும்?"

பூட்டிய குடிசைகளை எங்கள் ஆள் எண்ணவில்லை. யாரும் இல்லாத வீட்டுக்கு அரிசி எதற்கு என்று விட்டிருந்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

"பையை எல்லாம் எங்க குழுவுல எறக்கி வைங்க. நாங்க பிரிச்சுக்கிறோம். அந்தக் கோடி வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, எங்க ஆளுங்க இல்ல, மீன்காரங்க. புள்ளைங்க இல்லாத கெழவி. அவங்களுக்கும் ஒண்ணு போடணும்" என்றார்கள்.

இளைஞர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நோட்டை மூடினேன். பைகளைக் குழுவின் ஓட்டு வீட்டில் அடுக்கினோம். ஆறு வீட்டுக்குப் பை போதவில்லை. தங்கள் பங்கிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் புதுப் பைகள் கட்டினார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

மே மாதம் மறுபடியும் போனபோது அந்த வீட்டுச் சுவரோரம் ஐந்து பைகளில் இரண்டு இன்னும் இருந்தன. எலி ஏறாதிருக்க உறியில் தொங்கவிட்டு, கரித்துண்டால் ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். மூன்று குடும்பங்கள் நடந்தே ஊர் வந்து சேர்ந்துவிட்டன என்றும், இந்த இரண்டும் அடுத்த வாரம் வரும் என்று செய்தி வந்திருக்கிறது என்றும் அந்த அம்மாள் சொன்னார்கள்.